இருமலுடன் கூடிய கானாங்கெளுத்திப் பாட்டு

எங்கள் ஹேசான் ஊரில் பியோ மான்சுவைத் தெரியாதவர்கள் கிடையாது. யாரையும் அவர் அப்படி இருக்க விட்டதில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் அவருடைய நீலநிறச் சின்ன லாரி சந்துக்குள் நுழைந்துவிடும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அவர் கத்துவார். வசந்தத்தில் மீன், கோடையில் வெங்காயம், குளிர் தொடங்கும்போது கிம்ச்சி ஊறுகாய்க்கான கோஸ். மற்ற வியாபாரிகள் பதிவு செய்த குரலை ஓடவிட்டு ஓரமாக நின்று சிகரெட் பிடிப்பார்கள். மான்சு மட்டும் மைக்கைக் கையில் பிடித்துத் தானே கத்துவார். கேட்டால், "பதிவு பண்ணின குரலுக்கு எந்த ஜன்னல் திறந்திருக்குன்னு தெரியுமா?" என்பார்.

நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கிறேன். அவர் லாரியின் நான்கு டயர்களும் என் பொறுப்பு. இந்த விவகாரத்தில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. பின்னால் சொல்கிறேன்.

ஊருக்கு வடக்கே குன்றின்மேல் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உலக வேரிசைக் கண்டறிதல் மையம். உலகத்தின் மூலைமுடுக்குகளில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் பாட்டுகளைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. யாருக்கும் தெரியாமல் என்றால், பாடுகிறவர்களையும் கேட்கிறவர்களையும் கணக்கில் சேர்க்காமல். வெளிநாடுகளில் எவ்வளவு கண்டுபிடித்தாலும், சொந்த மாகாணத்திலும் வருஷத்துக்கு ஒன்றாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. அங்கேதான் சிக்கல். மாகாணத்தில் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. கடைசியாக ஒரு விவசாயியிடம் கண்டுபிடித்த நடவுப் பாட்டு, பழைய வயிற்றுவலி மாத்திரையின் வானொலி விளம்பரம் என்று பிறகு தெரியவந்தது. அந்த விவசாயி அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். மூல ஆசிரியர் சொல்வதை நம்பக் கூடாது என்பது மையத்தின் கொள்கை.

இந்த நிலைமையில் ஒரு ஏப்ரல் காலை, மையத்தின் ஆய்வாளர் சோக் ஆரி எங்கள் சந்து வழியாக நடந்து போனாள். முப்பத்தைந்து வயது. ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. எதையாவது கண்டுபிடித்தால்தான் அடுத்த வருஷம் நாற்காலி. பதிவுக் கருவியை எப்போதும் கையிலேயே வைத்திருப்பாள். அதில் அன்று விழுந்தது இதுதான்:

"கானாங்கெளுத்தி! கானாங்கெளுத்தி வந்திருக்கு! கண்ணைப் பாருங்கம்மா, உங்க மாமியார் கண்ணைவிடத் தெளிவா இருக்கு! ஏய் நாயே! ஊர்ல உனக்கு வேற டயரே கிடைக்கலியா?" இதற்குப் பிறகு நீண்ட இருமல். ஒன்று, அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கானாங்கெளுத்தி!"

ஒரு வாரம் கழித்து, மான்சுவின் வீட்டு வாசலில் பளபளக்கும் கறுப்பு ஷூக்கள் ஏழு ஜோடி வரிசையாக நின்றன. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். உள்ளே மையத்தின் இயக்குநர் நாம்குங் நடுவில் உட்கார்ந்திருந்தார். மான்சுவின் மனைவி புன்ரே எல்லோருக்கும் பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆரி ஒரு ஓரமாகக் குனிந்த தலையோடு இருந்தாள்.

"இந்தப் பாட்டை நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"எந்தப் பாட்டு சார்?" என்றார் மான்சு.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "குறிச்சுக்கோங்க. தான் பாடுறதே பாடகருக்குத் தெரியலை."

"நான் மீன் வித்தேன் சார்."

"அதையும் குறிச்சுக்கோங்க." இயக்குநர் மான்சுவின் பக்கம் சாய்ந்தார். "ஐயா, தெரிஞ்சு பாடினா அது கச்சேரி. தெரியாம பாடுறதுதான் வேர். பாடுறோம்னு உங்களுக்கு ஒரு துளி தெரிஞ்சிருந்தாலும் நாங்க எழுந்து போயிருப்போம்."

"இப்பத் தெரிஞ்சு போச்சே சார்?"

இயக்குநர் பார்லித் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அதை மறக்கிறதுக்கு மையத்துலயே பயிற்சி கொடுப்போம்" என்றார்.

அப்படித்தான் மான்சு 'வாழும் வேர்' ஆனார். லாரியின் கதவில் ஒரு பித்தளைத் தகடு வைத்து அறைந்தார்கள். முதல் மாதம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தகட்டைத் தினமும் பல் தேய்க்கும் பொடி போட்டுத் துலக்கினார். நான் டயரைப் பார்க்கக் குனிந்தால்கூட, "தகடு, தகடு, கை படாம பாரு தம்பி" என்பார். புன்ரே மட்டும், "வேர் ஐயா, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க" என்பாள்.

பிறகு பாட்டை ஆராய ஆரம்பித்தார்கள். அதற்காக நடந்த கருத்தரங்குக்கு எட்டு நாட்டு அறிஞர்கள் வந்தார்கள். நாயைத் திட்டும் அடி, மனிதன் விலங்கோடு பேசிய ஆதிகாலத்தின் எச்சம் என்று ஏகமனதாக முடிவானது. இருமலில்தான் பிளவு. இருமல் முந்தைய அடியோடு சேரும் என்று ஒரு கட்சி. அடுத்த அடியின் தொடக்கமே அதுதான் என்று இன்னொரு கட்சி. முன்னிருமல்காரர்களும் பின்னிருமல்காரர்களும் மதியச் சாப்பாட்டில் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். மான்சுவைக் கேட்கலாமே என்று ஆரி மெதுவாகச் சொன்னபோது, இரண்டு கட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து அவளை முறைத்தன.

அடுத்து, அந்த நாய். அது அரிசிப் பலகாரக் கடைக்காரரின் நாய். துணைக் கலைஞராக அதற்கு ஒரு கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். பட்டை கட்டிய நாளிலிருந்து அது லாரிப் பக்கமே வரவில்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது.

அதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான். ஒரு நாள் மையத்திலிருந்து இருவர் வந்து, புன்ரே அடுப்படியில் வைத்திருந்த ஜாடியைக் கேட்டார்கள். இருமலுக்காக அவள் தொராஜி என்ற மூலிகை வேரையும் பேரிக்காயையும் தேனில் காய்ச்சி வைத்திருந்த ஜாடி.

"இது எதுக்கு உங்களுக்கு?" என்றாள் புன்ரே.

"இருமல் இப்ப மாகாணத்தோட சொத்தும்மா. நீங்க அதைச் சேதப்படுத்துறீங்க."

"மனுஷனுக்கு ராத்திரி மூச்சு முட்டுது! குளிர் வர்றதுக்குள்ள இதைச் சரி பண்ணணும்னு சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"டாக்டரம்மா உடம்பைத்தான் பார்ப்பாங்க. நாங்க பரம்பரையைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார்கள். புன்ரே அன்றைக்கே இன்னொரு ஜாடி காய்ச்சி என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். மான்சு டயரில் காற்றுப் பார்க்கிற சாக்கில் தினமும் என் கடைக்கு வந்து இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போவார்.

ஜூன் வந்தது. கானாங்கெளுத்தி போய் வெங்காயம் வந்தது. "வெங்காயம்! வெங்காயம்!" என்று மான்சு கத்திக்கொண்டு போன அரை மணி நேரத்தில் மையத்தின் வண்டி அவரை மறித்தது.

"இது பாடபேதம்" என்றார் அதிகாரி. "அங்கீகரிச்ச பாடத்துல வெங்காயம் இல்லை."

"சார், லாரியில மீன் இல்லையே."

"லாரியில என்ன இருக்குங்கிறது எங்க துறையில வராது. வாயில என்ன இருக்குங்கிறதுதான் எங்களுக்கு."

அன்றிலிருந்து கோடை முழுக்க மான்சு கானாங்கெளுத்தி என்று கத்தி வெங்காயம் விற்றார். வெளியூரிலிருந்து குடிவந்த பெண்கள் மீனுக்குப் பாத்திரத்தோடு ஓடிவருவார்கள்.

"என்ன மீன்கார அண்ணே, மீன்னு கூப்பிட்டு வெங்காயத்தைக் காட்டுறீங்க? எங்களை என்ன கேனைன்னு நினைச்சீங்களா?"

"கத்துறது கானாங்கெளுத்திம்மா. விக்கிறது வெங்காயம். ரெண்டும் வேற வேற துறை."

"என் மாமியார் கண்ணை எதுக்கு நடுவுல இழுக்குறீங்க?"

"அது மூலபாடத்துல இருக்கும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பழைய வாடிக்கையாளர்கள் புரிந்துகொண்டார்கள். புதியவர்கள் பேரங்காடிக்குப் போனார்கள். மாலையில் லாரியில் பாதி வெங்காயம் அப்படியே திரும்பி வரும். மான்சு தகட்டைத் துலக்குவதை நிறுத்திவிட்டார்.

நவம்பர் நெருங்கியது. தெரு வியாபாரிக்கு வருஷத்திலேயே பெரிய பருவம் அதுதான். ஊர் முழுக்கக் கிம்ச்சி ஊறப்போடும். வீட்டுக்கு வீடு கோஸ் வாங்கும். அந்த இரண்டு வாரத்தை விட்டால் குளிர்காலம் முழுக்க மான்சுவுக்கு வருமானம் கிடையாது. ஒரு லாரி கோஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் குன்றேறி இயக்குநரைப் பார்க்கப் போனார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒரே ஒரு சொல்லை மாத்திக்கிறேன் சார். கானாங்கெளுத்திக்குப் பதிலா கோஸ். மத்ததெல்லாம் அப்படியே. நாயைக்கூடத் திட்டிடுறேன்."

"ஐயா, இந்தப் பாட்டு இன்னைக்கு உங்களோடது இல்லை. உலகத்தோடது. உலகத்தைக் கேட்காம நீங்க மாத்தலாமா?"

"கோஸ் அழுகிடும் சார்."

"கோஸ் அழுகலாம்" என்றார் இயக்குநர், மிகக் கனிவாக. "பாட்டு அழுகக் கூடாது."

கூடவே, அடுத்த வாரம் நடக்கும் உலக வேரிசை விழாவில் மான்சுவின் பாட்டுதான் நிறைவு நிகழ்ச்சி என்றும், அதன் பிறகு பாடம் நிரந்தரமாக உறுதி செய்யப்படும் என்றும் சொன்னார். நிரந்தரமாக என்றால் எத்தனை நாள் என்று மான்சு கேட்டார். இயக்குநர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

விழாவில்தான் என் பங்கு வருகிறது. லாரியை மேடையில் ஏற்ற வேண்டும், ஆனால் ரப்பர் டயர் மரபுக்கு ஒவ்வாதது, கழற்றுங்கள் என்றார்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றி மரக்கட்டைகள்மேல் லாரியை நிறுத்தினேன். அதனால் மேடைக்குப் பின்னால் நாள் முழுக்க இருக்க முடிந்தது.

அங்கே உலகத்தின் பல நாட்டு வேர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போர்ச்சுகலிலிருந்து கத்தி சாணை பிடிப்பவர் ஒருவர். குழலைக் கொண்டுவர அனுமதித்திருந்தார்கள், சாணைக்கல்லை இல்லை. மங்கோலியாவிலிருந்து ஓட்கோன் என்று ஒரு அம்மாள். குட்டியை ஒதுக்கிவிட்ட தாய் ஒட்டகத்திடம் பாடிப் பாடி அதன் மனத்தை இளக்குகிற பாட்டு அவருடையது. புல்வெளியை விட்டு ஒரு நாளும் வெளியே வராதவர் என்று அறிமுக அட்டை கழுத்தில் தொங்கியது. மான்சு இருமியதும் அந்த அம்மாள் எங்கள் மொழியிலேயே, "தண்ணி குடிங்கண்ணே" என்றார்.

நாங்கள் இருவரும் வாயைப் பிளந்தோம்.

"உங்க நாட்டுல இன்ச்சியான்ல அட்டைப்பெட்டி கம்பெனியில நாலு வருஷம் வேலை பார்த்தேன்" என்று அவர் கிசுகிசுத்தார். "வாயே திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மொழிபெயர்ப்பாளர் வேற வச்சிருக்காங்க. பாவம், அந்தப் பையனுக்கு மங்கோலிய மொழியே வராது. நான் சிரிச்சா, வானத்தை வணங்குறாங்கன்னு சொல்றான்."

"ஒட்டகம் எங்கக்கா?" என்றார் மான்சு.

ஓட்கோன் மோவாயால் காட்டினார். சிறுவர் பூங்காவிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் ஒட்டகம். பாட்டைக் கேட்டு ஒட்டகம் அழ வேண்டும் என்பதற்காகக் கண்ணுக்குப் பின்னால் குழாய் வைத்திருந்தார்கள். காற்றடிக்கிற பம்பு என்னிடம்தான் இருந்தது, ஆகவே அதையும் என் தலையில் கட்டினார்கள். சைகை வந்தால் அழுத்த வேண்டும். யாரோ மூக்கைச் சொறிந்ததைச் சைகை என்று நினைத்து அழுத்திவிட்டேன். ஓட்கோன் வாயைத் திறக்கும் முன்பே ஒட்டகம் தாரை தாரையாக அழுதது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இனி அவர் பாட வேண்டியதில்லை என்று கீழே இறக்கிவிட்டார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார்.

"அன்பர்களே! இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது என்னவென்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். இவர்கள் இந்தப் பாட்டுகளை மீன் விற்கவும், கத்தி தீட்டவும், ஒட்டகம் மேய்க்கவும் பயன்படுத்தி வீணடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தையில், தெருவில், மாட்டுக் கொட்டிலில், யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும் இழிநிலையில் இவை கிடந்தன. இன்று ஆறாவது மாடியில், சரியான குளிரில், பூட்டிய அறையில் இருக்கின்றன. பெருமையோடு சொல்கிறேன். இந்தப் பாட்டுகளை, இவற்றைப் பாடியவர்களிடமிருந்தே காப்பாற்றிவிட்டோம்!"

மண்டபம் அதிர்ந்தது. மொழிபெயர்ப்பு காதில் ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டு வேர்களும் மரியாதைக்காகக் கைதட்டினார்கள்.

சக்கரமில்லாத லாரிக்குள் மான்சு ஏறினார். அரிசிப் பலகாரக் கடை நாயைப் பட்டையோடு கொண்டுவந்து கட்டையருகே நிறுத்தினார்கள். முதல் வரிசையில் முன்னிருமல்காரர்கள் இடது பக்கமும் பின்னிருமல்காரர்கள் வலது பக்கமும் பேனாவோடு காத்திருந்தார்கள்.

"கானாங்கெளுத்தி!" என்று தொடங்கினார் மான்சு. மாமியார் கண் வந்தது. நாயைத் திட்டினார். நாய் கொட்டாவி விட்டது. அடுத்தது இருமல்.

நான் திரைக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அதனால் நிச்சயமாகச் சொல்வேன். இருமல் வந்தது. தொராஜி வேர் குறைத்திருந்ததே தவிர நிறுத்தியிருக்கவில்லை. அது அவர் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு ஏறியதை நான் பார்த்தேன். அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. வாயை இறுக்கமாக மூடி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முழு அரிசிப் பலகாரத்தை விழுங்குவதுபோல அந்த இருமலை விழுங்கினார். இரண்டாவதும் வந்தது. அதையும் விழுங்கினார். பிறகு தெளிந்த குரலில், "கானாங்கெளுத்தி!" என்று முடித்துவிட்டு மைக்கை வைத்தார்.

இரண்டு கட்சிகளும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. வல்லுநர் குழு மேடையிலேயே கூடியது. மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று ஆரி சொன்னாள். குழுத் தலைவர், "ஒரு தடவை குணமான வேர் குணமானதுதான்" என்று மறுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. கானாங்கெளுத்திப் பாட்டு அழிந்துவிட்டது.

எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மான்சுவும் லாரியை விட்டிறங்கித் தலைகுனிந்து நின்றார்.

இயக்குநர் கோபப்படுவார் என்றுதான் நாங்கள் பயந்தோம். அவரோ மேடைக்குப் பின்னால் வந்து மான்சுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க. உயிரோட இருக்கிற பாட்டைவிட அழிஞ்ச பாட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். நினைவு மண்டபம் கட்டலாம். பாடத்தை மாத்தவும் ஆள் இருக்காது."

"அப்ப நாளைக்கு நான் கத்தலாமா சார்?"

"என்னத்தை?"

"கோஸ்."

"தாராளமா. பாட்டு அழிஞ்ச பிறகு நீங்க என்ன கத்தினாலும் அது வெறும் கூச்சல்தான்."

மான்சுவின் முகத்தில் ஜூனுக்குப் பிறகு அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். "கூச்சல்தானே சார்? நிச்சயமா கூச்சல்தானே?"

"சத்தியமா" என்றார் இயக்குநர்.

தகட்டைப் பிடுங்கினார்கள். நான் சக்கரங்களைப் பூட்டினேன். போகும் வழியில் மான்சு நிறுத்தி ஆசைதீர இருமிக்கொண்டார். ஓட்கோனுக்கு மறுநாள் மாலைதான் விமானம். விடுதிச் சாப்பாட்டில் இறைச்சியே இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, புன்ரே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

மறுநாள் காலை கோஸ் மலைபோல் ஏற்றிய லாரியில் மான்சு, புன்ரே, ஓட்கோன் மூவரும் முன்னால். ஒரு சக்கரம் ஆடியதால் அதைக் கவனிக்க நான் பின்னால் கோஸ் மேல். "கோஸ்! கோஸ் வந்திருக்கு! உங்க புருஷன் தலையைவிடக் கனமா இருக்கு, உள்ளேயும் ஏதோ இருக்கு!" என்று மான்சு புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தார். ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. மாடு வளர்க்கும் குக் குடும்பத்து வீட்டுச் சந்தில் திரும்பியபோது அந்த வீட்டம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மைக்கை நிறுத்துங்கண்ணே! முந்தாநாள் கன்னு போட்ட பசு, கன்னைக் கிட்டவே விடமாட்டேங்குது. உதைக்குது. இன்னைக்கும் குடிக்கலைன்னா கன்னு தங்காது."

மான்சு இஞ்சினை அணைத்தார். ஓட்கோன் இறங்கிக் கொட்டிலுக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம். பசுவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். பொருள் யாருக்கும் புரியவில்லை. அதே சொல், அதே இழுப்பு, சற்று ஏறி, சற்று இறங்கி. முதலில் பசு தலையை உதறியது. காலைத் தூக்கியது. வைத்தது. காதைத் திருப்பியது. மான்சுவுக்கு இருமல் வந்தபோது, சட்டைக்குள் முகத்தைப் புதைத்து இருமினார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கன்று தள்ளாடிப் போய் மடியில் முட்டியது. பசு உதைக்கவில்லை. திரும்பி, கன்றின் முதுகை நக்க ஆரம்பித்தது. குக் வீட்டம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்த்தேன். ஆரி. தோளில் பை. கையில் பதிவுக் கருவி. அவளுடைய கண்டுபிடிப்பு நேற்று எல்லோர் முன்னாலும் அழிந்துபோயிருந்தது. அடுத்த வருஷ நாற்காலியும் அதோடு போயிருந்தது. இதோ, கொட்டிலுக்குள் இன்னும் பாட்டு நிற்கவில்லை.

புன்ரே இடுப்பில் கைவைத்து வாசலை மறைத்து நின்றாள். "என்னம்மா? என்ன வேணும் உனக்கு?"

ஆரி கொட்டிலைப் பார்த்தாள். கன்றின் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"கோஸ்" என்றாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு கோஸுல யாராவது கிம்ச்சி போடுவாங்களா? ஊறப்போடத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"சாயங்காலம் வீட்டுக்கு வா. சொல்லித் தர்றேன்" என்று புன்ரே இரண்டு பெரிய கோஸ்களை எடுத்து நீட்டினாள். பையில் இடம் போதவில்லை. ஆரி பதிவுக் கருவியின் பொத்தானை அணைத்து, என் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோஸ் இரண்டையும் உள்ளே திணித்தாள்.

மான்சு சாவியில் கையை வைத்தார். கொட்டிலில் பாட்டு இன்னும் கேட்டது; கையை எடுத்துவிட்டார். கியரை நடுவில் போட்டு இறங்கினார். அவரும் நானும் ஆரியும் பின்னாலிருந்து தள்ள, புன்ரே ஸ்டியரிங்கைப் பிடிக்க, சந்து முனை திரும்பும்வரை லாரி சத்தமில்லாமல் நகர்ந்து போனது.